துன்பக் கேணி எழுதிய புதுமைப்பித்தன்

சொ. விருத்தாசலம் என்றால் பலருக்குப் புரியாது; புதுமைப்பித்தன் என்றால் புரியாத தமிழ் வாசகர் இல்லை. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். நெல்லையில் பட்டம் பெற்றார். சென்னையில் பத்திரிகைத் தொழிலையும் வறுமையையும் சேர்த்தே கட்டிக்கொண்டார்.

'மணிக்கொடி' நாட்களில் அவர் எழுதிய 'துன்பக் கேணி'யில், நெல்லைச் சீமையின் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் மருதி, பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஊரில் மிதித்தது சாதி. அங்கே மிதித்தவன் வெள்ளைத் துரை. அவளுக்கு வலி ஒன்றுதான். அதே சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கட்டும். மருதி அந்நியளாகத் தோன்றமாட்டாள்.

பாகவதர் நடித்த 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத நம் பக்கத்துப் புனாவுக்கு வந்தவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது 42.

தலித் மக்களை இழிவாகக் காட்டுகிறது என்ற எதிர்ப்பு எழவே, 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் இக்கதையைப் பாடத்திலிருந்து நீக்கியது. அந்த மனப்புண் பொய்யன்று. சாதிச் சொற்களை அவர் கூசாமல் ஆள்கிறார்; அவர் பிறந்ததோ வேளாளர் குலம். ஆயினும் என் கட்சி வேறு: கதையை வகுப்பில் வைத்துக்கொண்டே அந்தச் சண்டையைப் போட்டிருக்கலாம்.