ஊசியோடு கப்பலேறி வந்தவர்

விடுமுறைக்கு வெளிநாடு கிளம்பும் நண்பர்களே, பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பருப்புப்பொடி என்று நீளும் உங்கள் பட்டியலில் தடுப்பூசிக்கு எத்தனையாவது இடம்? பெரும்பாலும் கடைசி இடம்தான். அந்த ஊசியை நாம் இன்று நம்பிப் போட்டுக்கொள்வதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களில் ஒருவர் வால்டமார் ஹாஃப்கின். மும்பையில் அவர் பெயரில் இருக்கும் ஆய்வு நிலையத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

1860-இல் கருங்கடல் ஓரத்து ஒடேசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். பாரீஸின் பாஸ்டர் நிலையத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது ஆராய்ச்சியாளர் வேலை அல்ல, நூலக உதவியாளர் வேலை. கிடைத்த நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1892-இல் காலராவுக்கு ஒரு தடுப்பூசி தயாரித்து, அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார்.

காலரா அதிகம் இருந்த இடத்தில்தானே அதைச் சோதிக்க முடியும்? 1893-இல் இந்தியா வந்தார். கல்கத்தா குடிசைப் பகுதிகளில் ஊசி என்றாலே மக்கள் பயந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே தனக்கே ஊசி போட்டுக் காட்டினார். அப்புறம்தான் மக்கள் முன்வந்தார்கள். ஊர் ஊராக அலைந்த அவரை மலேரியா பிடித்தது. 1895-இல் ஐரோப்பா திரும்பினாலும், உடம்பு தேறியதும் மறுபடி வந்துவிட்டார்.

அடுத்த சோதனை பம்பாயில் காத்திருந்தது. 1894-இல் ஹாங்காங்கில் பரவிய பிளேக், துறைமுகம் துறைமுகமாகத் தாண்டி 1896-இல் பம்பாயில் தலைகாட்டியது. கப்பலில் வந்த எலிகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளும் சுமந்து வந்த நோய் அது. மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கித் தந்த சிறு இடத்தில், ஒரு எழுத்தரையும் மூன்று ஏவலாட்களையும் வைத்துக்கொண்டு ஹாஃப்கின் வேலையைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே தடுப்பூசி தயார். 1897 ஜனவரி 10 அன்று அதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, தாங்கிக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில் விருப்பப்பட்டு முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். லட்சக்கணக்கானோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் டெட்டனஸ் எனும் ரண ஜன்னி கண்டு இறந்தார்கள். அத்தனை பேரும் ஒரே புட்டி மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள். மற்ற புட்டிகளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பழி பம்பாய் ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. தயாரிப்பு முறையை மாற்றியதுதான் காரணம் என்றார்கள். ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

உண்மையில் நடந்தது என்ன? அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிட்டார். டெட்டனஸ் கிருமி வாழ்வதே மண்ணில்தான். புட்டியைத் திறந்தபோது கெட்ட வாடை எதுவும் இல்லை. கிருமி ஆய்வுக்கூடத்திலேயே புகுந்து வளர்ந்திருந்தால் வாடை வந்திருக்கும். ரொனால்ட் ராஸ் போன்ற அறிஞர்கள் ஹாஃப்கினுக்காக வெளிப்படையாக எழுதினார்கள். 1907-இல்தான் பழி நீங்கியது. அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். ஆனால் பம்பாயில் அவர் கட்டி வளர்த்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. 1925-இல் அந்த நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைக் கடைசியாகத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். அடுத்த முறை ஊசி போட்டுக்கொள்ளும்போது, புது ஊசியை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கேட்கத் தயங்காதீர்கள், அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. யாருக்காவது ஊசிக்குப் பின் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால், வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதும் முன் மருத்துவரிடம் விசாரியுங்கள். முல்கோவாலின் உண்மை வெளிவர ஐந்து வருடம் ஆனது.

பயணம் போகிறவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பாவது மருத்துவரைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போய்வர மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் தேவை. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.

போய் வாருங்கள். நலமாகத் திரும்பி வாருங்கள்!