பிள்ளைகளின் கோபமும் அனஸ் (ரலி) அவர்கள் வளர்ந்த வீடும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரியவர்களே! பிள்ளைக்குக் கோபம் அதிகமாக வருகிறது, எடுத்ததையெல்லாம் வீசி எறிகிறான், ஓதித் தண்ணீர் தாருங்கள் ஹஜ்ரத் என்று கேட்டு வருகிற பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. ஓதுவதில் பரக்கத் இருக்கிறது. அதே நேரம், அந்தப் பிள்ளை கோபத்தை யாரிடம் பார்த்துப் பழகியது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கத்தாதே என்று கத்திச் சொல்கிற வீட்டில் பிள்ளையின் மனதில் பதிவது அந்தச் சத்தம்தான்.

ஒரு பிள்ளை கோபத்தைக் கையாள எப்படிக் கற்கிறது என்பதற்கு ஸஹாபாக்களில் நமக்கு அழகான முன்மாதிரி அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள்.

கோபித்துக்கொண்டு போன தந்தை

அனஸ் (ரலி) மதீனாவில், அன்ஸாரிகளில் பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர்கள். தாயார் உம்மு ஸுலைம் (ரலி). மதீனாவில் இஸ்லாம் பரவத் தொடங்கியதும் முந்தி வந்து ஏற்றவர்களில் அந்தத் தாயும் ஒருவர். தன் சின்னஞ்சிறு மகனுக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார்கள். கணவர் மாலிக் பின் நள்ருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளையைக் கெடுக்கிறாய் என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தோடே வீட்டை விட்டு ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டவர், அங்கே எதிரி ஒருவரால் கொல்லப்பட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

சிந்தித்துப் பாருங்கள்! நன்றாக விவரம் தெரிவதற்கு முன்பே தந்தையைக் கோபத்தில் இழந்த பிள்ளை அவர்கள். அப்படிப்பட்ட பிள்ளை முரடனாக வளரக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அல்லாஹ் அவர்களுக்கு வேறொரு வீட்டை ஏற்பாடு செய்தான். உம்மு ஸுலைம் (ரலி) பிறகு அபூதல்ஹா (ரலி) அவர்களை மணந்தார்கள். அவர் இஸ்லாத்தை ஏற்றதே அந்தத் திருமணத்தின் மஹராக அமைந்தது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அனஸுக்குப் பத்து வயது. அந்தச் சிறுவர் நாயகத்தின் பணிவிடைக்காக ஒப்படைக்கப்பட்டார்.

திட்டு இல்லாத பத்து ஆண்டுகள்

அனஸ் (ரலி) பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நாயகம் (ஸல்) அவர்கள் தன்னைப் பார்த்து ஒருமுறைகூட சீ என்று சொன்னதில்லை, செய்ததற்கு ஏன் செய்தாய் என்றோ செய்யாததற்கு ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று பிற்காலத்தில் மக்களிடம் கூறினார்கள். வீட்டில் யாராவது கடிந்துகொண்டாலும், அவரை விட்டுவிடுங்கள், நடக்க வேண்டும் என்று விதி இருந்திருந்தால் நடந்திருக்கும் என்று நாயகம் (ஸல்) தடுத்துவிடுவார்கள்.

அனஸ் தவறே செய்யாத பிள்ளையா? இல்லை. ஒருநாள் நாயகம் (ஸல்) ஒரு வேலைக்கு அனுப்ப, போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். மனதில் போகவேண்டும் என்ற எண்ணம்தான். புறப்பட்டுப் போகிற வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! அனஸ் என்ற பெயரையே செல்லமாக உனைஸ் என்று சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போகும்படி சொன்னார்கள். இதோ போகிறேன் என்று அனஸும் கிளம்பிவிட்டார்கள்.

இங்கே கவனியுங்கள். வேலை ரத்தாகவில்லை. போயாக வேண்டும் என்பது அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சொன்ன முகத்தில் சிரிப்பு இருந்தது. நம்மில் பலர், கண்டிப்பு என்றால் கோபம் வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு.

உடைந்த தட்டு

அதே வீட்டில் அனஸ் (ரலி) மற்றவர்களின் கோபத்தையும் பார்த்தார்கள். ஒருமுறை நாயகம் (ஸல்) தம் மனைவியரில் ஒருவர் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவியிடமிருந்து பணியாள் ஒருவர் தட்டில் உணவு கொண்டுவந்தார். இந்த வீட்டு அன்னை பணியாளின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. விருந்தினர் முன்னிலையில் நடந்தது இது. நம் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும்?

நாயகம் (ஸல்) குனிந்து உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள். சிந்திய உணவை எடுத்து வைத்தார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். பிறகு அந்தப் பணியாளை நிறுத்தி வைத்து, உடைந்ததற்குப் பதிலாக ஒரு முழுத் தட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இதை நமக்கு அறிவிப்பவரே அனஸ் (ரலி) தான்.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் உணர்வுக்குப் பெயர் சொன்னார்கள். கோபப்பட்டவரை மற்றவர் முன் அவமானப்படுத்தவில்லை. அதற்காக நஷ்டத்தைக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை, ஈடு கட்ட வைத்தார்கள். உங்கள் பிள்ளை தம்பியின் பொம்மையை உடைத்தால் இதையே செய்யுங்கள். தம்பியை எல்லோரும் கொஞ்சுகிறார்கள் என்று உனக்கு வருத்தம், அப்படித்தானே என்று கேளுங்கள். பிறகு, உடைந்ததை நீதான் பொறுக்க வேண்டும், உன் பொம்மையில் ஒன்றை அவனுக்குத் தரவேண்டும் என்று சொல்லுங்கள்.

பல நேரம் பிள்ளையின் கோபத்துக்கு அடியில் துக்கம் இருக்கும். அனஸின் தம்பி அபூஉமைர் வளர்த்த சின்னக் குருவி இறந்துபோய், அந்தக் குழந்தை வாடி இருந்தது. நாயகம் (ஸல்) அந்தக் குருவி என்னவானது என்று குழந்தையிடமே விசாரித்தார்கள். ஒரு குருவிக்காகவா இவ்வளவு என்று நாம் கேட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வளர்ந்தபின் வந்த சோதனை

நாயகம் (ஸல்) வஃபாத்தானபோது அனஸுக்கு இருபது வயது. பின்னர் பஸராவில் குடியேறி, நீண்ட காலம் மார்க்கம் போதித்தார்கள். அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2286 என்று உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். நாயகத்தின் துஆவினால் செல்வமும் சந்ததியும் பெருகின. அந்தச் சந்ததியில் 120க்கும் மேற்பட்டோரைத் தம் வாழ்நாளிலேயே அடக்கம் செய்த துயரத்தையும் பொறுத்துக்கொண்டார்கள்.

முதுமையில் பெரிய சோதனை ஒன்று வந்தது. இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப், எண்பது வயதைக் கடந்த அந்த ஸஹாபியைச் சபையில் இழிவாகப் பேசினான். அனஸ் (ரலி) பதிலுக்குத் திட்டவில்லை. அடங்கிப் போய் மூலையில் உட்காரவும் இல்லை. கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வானுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார்கள். கலீஃபா கடுமையாகக் கண்டித்து எழுத, ஹஜ்ஜாஜ் இறங்கி வர வேண்டியதாயிற்று.

ஆகவே, கோபமே வரக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அநீதியைக் கண்டால் கோபம் வரும். நாயகத்தின் முகமும் அல்லாஹ்வின் வரம்புகள் மீறப்பட்டபோது சிவந்திருக்கிறது. தமக்காக மட்டும் அவர்கள் பழிவாங்கியதில்லை. பள்ளியில் ஒருவன் உன்னை அடித்தால் நீயும் அடிக்காதே, ஆனால் வந்து என்னிடம் சொல், ஆசிரியரிடம் சொல் என்று பழக்குங்கள். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிற பிள்ளையின் கை எளிதில் ஓங்காது.

நம் வீட்டில் தொடங்குவோம்

கோபம் வந்தால் அஊது ஓதுவது, வாயை மூடிக்கொள்வது, நின்றால் உட்காருவது, அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்வது என்று நாயகம் (ஸல்) காட்டித் தந்த வழிகள் இருக்கின்றன. ஒளூவும் செய்யுங்கள். இவற்றைப் பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்தாதீர்கள். அமைதியான நேரத்தில் சொல்லிக்கொடுங்கள். அதைவிட முக்கியம், அத்தாவுக்குக் கோபம் வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்ததைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

அனஸ் (ரலி) ஹிஜ்ரி 93ல், நூறு வயதைக் கடந்து பஸராவில் வஃபாத்தானார்கள் என்பது பிரபலமான கருத்து. அந்த ஊரில் கடைசியாக மறைந்த ஸஹாபி அவர்கள்தான். தெருவில் விளையாடும் சிறுவர்களைக் கடந்து போகும்போது நின்று ஸலாம் சொல்வது அவர்களின் வழக்கம். நாயகம் (ஸல்) இப்படித்தான் செய்வார்கள் என்று காரணமும் சொல்வார்கள். பத்து வயதில் தமக்குக் கிடைத்த மரியாதையை, முதுமையிலும் அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அல்லாஹு தஆலா நம் கோபத்தை அடக்கும் வலிமையை நமக்குத் தருவானாக! நம் வீடுகளை நம் பிள்ளைகள் பயமின்றிப் பேசும் வீடுகளாக ஆக்குவானாக! அவர்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.