ஆறாம் மாடி அறை

மேரி கியூரி அம்மையார் என்றதும் ரேடியமும் இரண்டு நோபல் பரிசுகளும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கோ அவர் மாணவியாயிருந்த காலமே பிடித்திருக்கிறது.

1867இல் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். அங்கே பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் அக்கா பாரிஸில் வைத்தியம் படிக்க உதவினார். தன் முறை வந்து 1891இல் பாரிஸ் சேர்ந்தபோது வயது ஏறக்குறைய 24.

முதலில் அக்கா வீட்டில்தான் தங்கினார். அன்புக்குக் குறைவில்லை, ஆனால் விருந்தினரும் பேச்சும் ஓயவில்லை. பல்கலைக்கழகமும் தூரம். எனவே சோர்போனுக்கு அருகில், ஆறாம் மாடியில், தனியாக ஒரு சின்ன அறை எடுத்தார். நிலக்கரியைத் தானே சுமந்து ஏறினார். குளிரில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்தது. போர்வைக்கு மேல் உடுப்புகளையெல்லாம் குவித்துக்கொண்டு உறங்கினார். சரியாகச் சாப்பிடாமல் ஒருநாள் மயங்கியும் விழுந்தார். (உம்மா இதை வாசித்தால் என்னைப் பல்கலைக்கழக விடுதிக்கு அனுப்பவே மாட்டா!)

இவற்றைவிடப் பெரிய சோதனை வகுப்பறையில் இருந்தது. பிரெஞ்சு விரிவுரைகளைப் பின்தொடர்வது கடினமாயிருந்தது. கணிதத்தில் மற்றவர்களைவிடத் தான் பின்தங்கியிருப்பதும் தெரிந்தது. இரவு பத்து மணிக்கு நூலகம் மூடும்வரை அங்கேயிருந்து, பிறகு அறையில் விளக்கொளியில் தொடர்ந்தார். 1893இல் பௌதிகவியலில் முதலிடம். மறு ஆண்டு கணிதத்தில் இரண்டாமிடம்.

இடையில் போலந்திலிருந்து 600 ரூபிள் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. பின்னர் உழைக்கத் தொடங்கியதும், யாரும் கேட்காமலே அதைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு ஏழை மாணவிக்கு அது உதவட்டும் என்று நினைத்தார்.