ஜே.சி. போஸ் வரைந்த வளைகோடு

நம்ம டிபார்ட்மெண்ட் லேப்ல ஏ.எம். டிடெக்டர் எக்ஸ்பெரிமெண்ட் செய்யாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. கண்ணாடிக் குழாய்க்குள்ளே மெல்லிய கம்பி தெரியுமே, அந்த ஓ.ஏ.79 ஜெர்மானியம் டயோடுதான் அந்த சர்க்யூட்டுக்கு உயிர். அதையே கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், சாப்ட்வேர் லைப்ரரியில் 1என்4148 இருக்கிறது, ஓ.ஏ.79 இல்லை. சரி போகட்டும் என்று வெறும் டயோடு சின்னத்தை மட்டும் போட்டு சின்ன சிக்னல் கொடுத்தால், அவுட்புட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது.

காரணம் இதுதான். மதிப்பு எதுவும் எழுதாத டயோடுக்கு ஸ்பைஸ் வகை சாப்ட்வேர் தானாகவே சில மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. அந்த டயோடில் 1 மில்லி ஆம்பியர் ஓட சுமார் 0.65 வோல்ட் வேண்டும். அது சிலிக்கான் குணம். ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 வோல்ட்டே போதும். ஆகவே வெளியிலிருந்து ஒரு மாடலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். டயோடு மாடல் என்பது ஒரே ஒரு வரி. டாட் மாடல் என்று ஆரம்பித்து, பெயர், பிறகு ஐ.எஸ்., என், ஆர்.எஸ். என்று சில எண்கள். கம்பெனிக்காரர் எழுதியது, வேறு யாரோ எழுதியது, எதை வேண்டுமானாலும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருத்தர் மீட்டர் முன்னால் உட்கார்ந்து, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கரண்ட்டைக் குறித்து, கிராஃப் போட்டிருக்கிறார். டேட்டா ஷீட் என்ற சொல்லே இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்த ஒருவர் நம்ம நாட்டுக்காரர். அவர்தான் ஆச்சாரிய ஜெகதீஷ் சந்திர போஸ். செடிக்கு உயிர் உண்டு என்று சொன்னவர் என ஸ்கூல் புத்தகத்தில் நாலு வரியில் படித்தோமே, அவரேதான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கு அந்த நாலு வரி போதாது.

1858 நவம்பர் 30ஆம் தேதி, இன்று பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை இங்கிலீஷ் ஸ்கூலில் போடுவதுதான் கௌரவம். அப்பாவோ மகனை ஊர்ப் பள்ளியில், வங்காள மொழியில் படிக்க வைத்தார். வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் பியூனின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அந்தப் பையன்கள் சொன்ன பறவை, மீன், தண்ணீர்ப் பிராணிகளின் கதைகள்தான் தனக்கு இயற்கையின் மேல் ஆசையை ஊட்டின என்று பின்னாளில் பெரிய சபையில் நினைவுகூர்ந்தார். மரக்காணம் கடற்கரையிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இங்கே முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழித்த நமக்கெல்லாம் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே ஃபாதர் லாஃபோன்ட் என்ற பாதிரியார் பிசிக்ஸை செய்முறையோடு நடத்துவார், போஸுக்கு ருசி பிடித்தது அங்கேதான். 1880இல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் அங்கே பிணவறை நாற்றத்தில் அதிகமாகிவிட, மெடிசினை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் சயின்ஸ் சேர்ந்தார். லார்டு ராலே அங்கே அவருடைய ஆசிரியர். 1884இல் பட்டம்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் பிசிக்ஸ் ஆசிரியர் வேலை. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. வெள்ளைக்கார ஆசிரியருக்கு ஒரு சம்பளம், அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸுடையது தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. உப்பளத்தில் ஒரே பாத்தியில் நிற்கிற ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி என்று எங்க அம்மா சொல்லிக் கேட்டவன் நான். எனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

போஸ் வேலையை விடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சம்பளத்தை வாங்க மறுத்தார். மூன்று வருஷம், ஒரு பைசா வாங்காமல், ஒரு கிளாஸும் தவறாமல் பாடம் நடத்தினார். அதே நேரத்தில் அப்பாவுக்குக் கடன் வேறு. நடுவில் 1887இல் கல்யாணம். மனைவி அபலா நம்ம சென்னையோடு சம்பந்தப்பட்டவர். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் பெண்களைச் சேர்க்காத காரணத்தால் 1882இல் ஸ்காலர்ஷிப்போடு மதராஸ் வந்து மருத்துவம் படித்தார், உடம்பு சரியில்லாமல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. புது மணமக்கள் சந்தன்நகரில் குடியிருந்தபோது போஸ் ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போவாராம், திரும்ப அந்தப் படகை ஓட்டிக்கொண்டு போவது மனைவியாம். கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் பழைய மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. அந்த அரியர்ஸ் அப்பாவின் கடனுக்குப் போனது.

சம்பளம் வந்ததே தவிர லேப் வரவில்லை. காலேஜில் கிடைத்தது ஒரு சின்ன அறை. கூட வேலை செய்ய ஒரு உள்ளூர் தகரக் கொல்லர். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரின் கையும் போஸின் மூளையும் சேர்ந்துதான் உலகம் பார்க்காத கருவிகளைச் செய்தன. 1894 வாக்கில் ஆராய்ச்சியில் இறங்கிய போஸ், ஹெர்ட்ஸ் கண்டுபிடித்த மின்காந்த அலையை எடுத்துக்கொண்டு, அதன் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். இன்றைய கணக்கில் 60 கிகா ஹெர்ட்ஸ். ஹார்ன் ஆன்டெனா, வேவ் கைடு என்று நம்ம மைக்ரோவேவ் பேப்பரில் வருகிற பல சாமான்கள் அந்த அறையில் தகரத்தில் உருவானவை.

அவருடைய கை வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு. அலையை போலரைஸ் செய்ய ஒரு தடித்த ரயில்வே டைம் டேபிள் புத்தகத்தை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் செருகினார். வேலை முடிந்தது! இன்னொன்று, 1898இல் சணலை முறுக்கி வைத்து அதன் வழியே அலையை அனுப்பினார். வலப் பக்கம் முறுக்கினால் ஒரு பக்கம் திரும்பியது, இடப் பக்கம் முறுக்கினால் மறு பக்கம். சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புகிறதே, அந்த மூலக்கூறுக்கு அவர் சணலால் செய்த மாடல் அது. சாப்ட்வேர் இல்லாத காலத்து சிமுலேஷன் என்று சொன்னால் தப்பில்லை.

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டினார். அலை 75 அடி தூரம், நடுவில் இருந்த சுவரையும் லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் கடந்து போய், அந்தப் பக்கம் மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடை அவருக்குக் கிடைத்தது.

இப்போது நம்ம டயோடுக்கு வருவோம். அந்தக் காலத்தில் அலையைப் பிடிக்க கோஹியரர் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். குழாய்க்குள் உலோகத் தூள் இருக்கும். அலை வந்தால் தூள் ஒட்டிக்கொண்டு கரண்ட் ஓடும். அடுத்த சிக்னலுக்கு அதைத் தட்டி உலுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி வேலை செய்யும். போஸுக்கு இது சரிப்படவில்லை. தூளை எடுத்துவிட்டு சின்னச் சின்ன எஃகு ஸ்பிரிங்குகளை வரிசையாக வைத்தார். அப்புறம் ஒரே ஒரு தொடுமுனை. அதோடு நிற்காமல், கையில் கிடைத்த பொருளையெல்லாம் வைத்து வோல்டேஜ் ஏற்றி இறக்கி, கரண்ட்டைக் குறித்து வளைகோடு வரைந்தார். ஓம் விதிப்படி வந்தால் நேர்கோடு வரணும். வரவில்லை. ஒற்றை இரும்பு முனைக்கு அவர் போட்ட கிராஃப் சுமார் 0.4 வோல்ட்டில் முழங்கால் மாதிரி மடங்கி மேலே ஏறுகிறது. அலை பட்டால் சில பொருளில் ரெசிஸ்டன்ஸ் குறைகிறது, பொட்டாசியம் மாதிரி சிலவற்றில் கூடுகிறது. அதை வைத்து பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பொருட்களை வகை பிரித்தார். நாம் முதல் வருஷம் ரெக்கார்டு நோட்டில் வரைகிற வி-ஐ கேரக்டரிஸ்டிக்ஸ் மாதிரியேதான் அந்தப் படம் இருக்கிறது. எலக்ட்ரான் 1897இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, செமிகண்டக்டர் தியரி வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்படித் தேடியதில் அவர் பிடித்த பொருள் கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. அதை உடைத்தால் பளபளவென்று சதுரம் சதுரமாக உடையும். இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க்காரங்களுக்கு லேப் வேண்டாம். பாத்தியில் விளைந்த கல் உப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே போதும், அதே கனசதுரம். கலீனாவின் அணு அடுக்கும் சாதா உப்பின் அணு அடுக்கும் ஒரே அமைப்பு. ஆனால் காய்ந்த உப்பு கரண்ட்டை விடாது, கலீனா விடும், அதுவும் தன் இஷ்டப்படி விடும். இந்த மாதிரி தாதுக்களில் கரண்ட் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் ஓடுவதை 1874இலேயே ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் பிரவுன் பார்த்திருந்தார். அந்தக் கல்லை அலை பிடிக்கும் கருவியாக்கியது போஸ். அது வெளிச்சத்துக்கும் பதில் சொல்கிறது என்பதையும் கண்டார்.

அவர் செய்த அந்த வேலையை இன்றைக்கும் செய்யலாம், சொல்கிறேன். ஓ.ஏ.79க்கு நாமே ரீடிங் எடுத்து, செமி-லாக் கிராஃப் ஷீட்டில் கரண்ட்டை லாக் பக்கம் போடுங்கள். கீழ்ப் பகுதி நேர்கோடாக வரும். கரண்ட் பத்து மடங்கு ஏற 60 மில்லி வோல்ட் ஆனால் என் மதிப்பு 1, 90 ஆனால் 1.5. அந்தக் கோட்டைப் பூஜ்ய வோல்ட் வரை நீட்டினால் தொடுகிற இடம்தான் ஐ.எஸ். மேல் பகுதியில் கோடு எவ்வளவு விலகுகிறதோ, அது ஆர்.எஸ். கணக்கு. மூன்றையும் ஒரு வரியில் எழுதி ஷீட்டில் போட்டால், சிமுலேஷனில் வருவது நம்ம லேப் டயோடு. வெளி ஆள் மாடலை எடுத்தாலும் நம்ம கிராஃபோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சாப்ட்வேர் தானாக வைத்துக்கொள்கிற வெப்பநிலை 27 டிகிரி. மரக்காணத்து மே மாசத்தை அது கண்டதில்லை, ஜெர்மானியமோ சூடு ஏறினால் லீக்கேஜைக் கூட்டிவிடும். பல பின் உள்ள பாகம் என்றால் சப்-சர்க்யூட் பைலில் உள்ள பின் வரிசையும் சின்னத்தின் பின் வரிசையும் ஒன்றாக இருக்கணும், இல்லாவிட்டால் எர்ரர் காட்டாமலே தப்பான விடை வரும்.

காப்புரிமை விஷயத்தில் போஸ் ஒரு தனி ரகம். அறிவை விற்கக் கூடாது என்பது அவர் கட்சி. கம்பெனிக்காரர் வந்து கேட்டும் அசையவில்லை. சகோதரி நிவேதிதாவும் அமெரிக்காவின் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால்தான் கலீனா டிடெக்டருக்கு 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29இல் கிடைத்தது. எண் 755840. செமிகண்டக்டர் கருவிக்கு உலகில் முதல் காப்புரிமை என்று இதைச் சொல்கிறார்கள். அதை வைத்துக் காசு பார்க்க அவர் முயலவில்லை. இதற்கிடையில் 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் வாங்கி உலகப் புகழ் பெற்றார். அப்போது பயன்பட்ட பாதரச டிடெக்டருக்கு மூலம் 1899இல் போஸ் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட கட்டுரைதான் என்று 1998இல் ஐ.இ.இ.இ. இதழில் ஆதாரத்தோடு ஒரு கட்டுரை வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து! கொள்கை பெரிது என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தத் தகரக் கொல்லருக்காவது ஒரு வழி பண்ணியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அதன் பிறகு போஸின் கவனம் செடிகளின் பக்கம் போனது. தொட்டாற்சுருங்கியிலும் மின் துடிப்பை அளந்தார், வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். அதற்கும் அங்கே எதிர்ப்பு, சண்டை. 1917இல் சர் பட்டம், அதே வருஷம் தன் பிறந்த நாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23இல், எழுபத்தொன்பது முடிய ஒரு வாரம் இருக்கையில், இன்றைய ஜார்க்கண்டிலுள்ள கிரிடியில் காலமானார். செமிகண்டக்டர் ஆராய்ச்சிக்குப் பேர்போன, 1977இல் நோபல் வாங்கிய நெவில் மாட், போஸ் தன் காலத்துக்கு அறுபது வருஷமாவது முன்னே நடந்தவர் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

தகரக் கொல்லர் கைபட்ட அந்தக் கருவிகள் கொல்கத்தாவில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த வருஷம் இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு எங்கே போகலாம் என்று யூனியனில் கேட்கும்போது, வழக்கம்போல ஊட்டிக்கும் பெங்களூருக்கும் கை தூக்காமல் கொஞ்சம் யோசித்துக் கை தூக்குங்கள்.