ஆசிரியரை மறுத்த மாணவர்

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் வரலாற்றையும், மெக்காவில் பிறந்த முகமது நபியின் வரலாற்றையும், ஏசுநாதரின் வரலாற்றையும் ஒரே வகுப்பில் எல்லா மத மாணவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும்!

1949-ம் ஆண்டில் அரசாங்கத்தின் முன் வைக்கப்பட்ட யோசனை இது. நாடு இரண்டாகப் பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. காந்திஜியைப் பறிகொடுத்த துயரம் ஆறவில்லை.

யோசனை சொன்ன பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர், டாக்டர் ராதாகிருஷ்ணன். அந்தத் துணிச்சல் அவருக்கு எப்படி வந்தது? நாற்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இரவல் புத்தகம்

ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி திருத்தணியில் பிறந்தார். தந்தை வீராசாமிக்கு வருவாய் இலாகாவில் சிறிய உத்தியோகம். வீட்டில் பூஜையும் விரதமும். படித்ததோ பாதிரிமார் நடத்திய பள்ளிகளில். திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிசு கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. (இன்று தாம்பரத்தில் இருக்கும் கல்லூரிதான். அன்று ஐகோர்ட்டுக்கு எதிரே இருந்தது.)

தத்துவம் கூட அவர் தேடிப்போன பாடம் அல்ல. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். காசு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார்!

ரோஷம்

கல்லூரியில் எந்த மதத்து மாணவரும் பைபிள் வகுப்புக்கு வந்தாக வேண்டும். உலகமே மாயை என்கிறது வேதாந்தம். அப்படியானால் பாவம் ஏது, புண்ணியம் ஏது? இந்து மதத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை! மிஷனரிகள் இப்படி வாதாடினார்கள்.

சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். விவேகானந்தரின் பேச்சுக்களைப் படித்துத் தலை நிமிர்ந்திருந்த வாலிபருக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் கூச்சல் போடவில்லை. மிஷனரிகள் சொல்வது உண்மையா என்று பார்க்க, தம் மத நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்.

எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வேதாந்தத்தில் ஒழுக்க நெறி உண்டு என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், அவருடைய தத்துவப் பேராசிரியர் ஹாக் ஒரு மிஷனரி.

ஏ. ஜி. ஹாக் ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் தம் மதத்திலேயே சந்தேகம் வந்து தத்தளித்தவர். 1903-ம் ஆண்டில் சென்னைக்கு வந்தவர். கட்டுரையைப் படித்த அவர் கோபிக்கவில்லை. சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் திறமை இந்த மாணவருக்கு இருக்கிறது என்று பாராட்டி நற்சான்று கொடுத்தார். 1908-ல் கட்டுரை புத்தகமாக வெளிவந்தது. மாணவருக்கு வயது இருபது.

மாணவரின் கெட்டிக்காரத்தனத்தை எல்லோரும் சொல்கிறார்கள். ஆசிரியரை மறந்துவிடுகிறார்கள். ஹாக் தம் மதத்தை விட்டுக்கொடுத்தவர் அல்ல. ஆயினும், 1938-ல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பிற மதத்தாரின் பக்தியும் உண்மையான பக்தியே என்று வாதாடியவர் அவர்தான்!

மூன்று ஆண்டுப் பாடம்

மாணவர் 1909-ல் மாநிலக் கல்லூரி ஆசிரியர் ஆனார். 1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டு மதங்களைக் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார்.

1948-ல் அமைந்த கல்விக் குழுவில் டாக்டர் ஜாகிர் உசேனும் ஓர் உறுப்பினர். (பின்னாளில் ராதாகிருஷ்ணனுக்குப் பிறகு ஜனாதிபதியானவர்.) குழு சொன்ன ஏற்பாடு இது: தினமும் சில நிமிடம் மௌனம். முதல் ஆண்டில் புத்தர், ஏசு, சங்கரர், ராமானுஜர், முகமது நபி, கபீர், நானக் போன்ற பெரியோர்களின் வாழ்க்கை. இரண்டாம் ஆண்டில் எல்லா மறைநூல்களிலிருந்தும் பொதுவான பகுதிகள். மூன்றாம் ஆண்டில் மதத் தத்துவத்தின் முக்கியக் கேள்விகள்.

ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்றது குழு. பெரும்பாலான கல்லூரிகள் இதை ஏற்று நடத்தவில்லை.

ராதாகிருஷ்ணன் 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று கார் தொழிற்சாலைகள். நடுநடுவே என்ஜினீயரிங் கல்லூரிகள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.