குறையை மறைக்காத கிராம்

என் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் அடிபடும் பெயர் கிராம். எடையளவு அன்று, நண்பர்களே. ஒரு மனிதரின் பெயர்!

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1853-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். மருத்துவம் கற்றபின் பெர்லின் சென்று, நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரலில் கிருமிகளைத் தேடினார். திசுவிலிருந்து கிருமியைப் பிரித்துக் காண்பது அரிதாயிருந்தது. ஊதாச் சாயமிட்டு, அயோடின் சேர்த்து, ஆல்கஹாலால் கழுவினார். திசு வெளுத்தது; கிருமிகளுள் சில ஊதாவாகவே நின்றன, சில நிறமிழந்தன. 1884-இல் இதை வெளியிட்டபோது, முறை குறையுடையது என்று தாமே எழுதினார். பிறருக்குப் பயன்படலாம் என்ற நம்பிக்கையையும் உடன் சேர்த்தார்.

குறையெனத் தோன்றியதே பின்னர் பாக்டீரியாக்களை இரு பெரும் பிரிவுகளாக்க உதவிற்று. தடித்த செல்சுவருடையவை ஊதாவைப் பற்றிக்கொள்ளும்; மெல்லிய சுவருடையவை விட்டுவிடும். கோபன்ஹேகனில் 1923 வரை பேராசிரியராயிருந்த கிராம், 1938-இல் மறைந்தார்.

சென்ற மாதம் ஆல்கஹாலை மிகுதியாக ஊற்றி, ஊதாவாக நிற்க வேண்டிய கிருமிகளையும் வெளுக்க வைத்தேன். மறுநாள் பேராசிரியரிடம் காட்டவேண்டிய குறிப்பேடு! அப்பக்கத்தைக் கிழித்துவிட எண்ணினேன். கிராம் நினைவுக்கு வந்தார். கிழிக்கவில்லை, பிழையையும் எழுதிக் காட்டினேன்.