கணிதம் கற்று கரிசலுக்கு வந்தவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

ஆமணக்கெண்ணெய் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் சிறு குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் நேரத்தைக் குறித்து, ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு பாகுநிலை காண்கிறோம். அந்த ஸ்டோக்ஸ், 1841ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். அதே ஆண்டு, அதே தேர்வில் நான்காம் இடம் பெற்றவர் நமக்கு அருகிலுள்ள சிவகாசி மண்ணில் உறங்குகிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு.

அவர் 26-4-1815 அன்று ஜிப்ரால்டரில் பிறந்தார். தந்தை படைவீரர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். லிவர்பூல் நகரில் உறவினரின் வணிக நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பின்னரே, 1837இல், 22 வயதில் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். காலங்கடந்து கல்லூரி வாசலை மிதித்தவர் நான்கே ஆண்டுகளில் ராங்ளர் பட்டியலில் நான்காமவரானார்! கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி தன் ஃபெல்லோவாக அவரை ஏற்றுக்கொண்டது. உணவும் உறைவிடமும் மதிப்பும் வாழ்நாள் முழுதும் உறுதியான பதவி அது. ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் என் போன்றோர்க்கு அப்படி ஒரு வேலையை விட்டு வருதல் என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல். நம் பெற்றோர் கேட்டால், பித்துப் பிடித்தவர் என்றே சொல்வார்கள்.

ஆயினும் அவர் வந்தார். சி.எம்.எஸ். என்னும் திருச்சபைச் சங்கத்தின் செயலாளராக 1846இல் சென்னை சேர்ந்தார். கணக்கும் கடிதங்களுமாக அலுவலக மேசையிலேயே ஆண்டுகள் கழிந்தன. அங்கிருந்து திருநெல்வேலிச் சீமைச் சபைகளைப் பார்வையிடச் சென்றபோதுதான் ஓர் உண்மை அவர் கண்ணில் பட்டது. தெற்கே பாளையங்கோட்டையில் 1785இலேயே கோயில் எழுந்துவிட்டது. ரேனியஸ் போன்றோரின் உழைப்பால் ஊர்தோறும் பள்ளிகள் தோன்றியிருந்தன. வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலோ அவர்கள் பணி ஏறக்குறைய எட்டவேயில்லை. (இப்பகுதி அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது, 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்திற்குப் போயிற்று.) என் ஊராகிய ஆலங்குளமும் அந்தக் கரிசல் பரப்பில்தான் இருக்கிறது. இன்று சிமெண்டு ஆலையால் பெயர் தெரிந்த ஊர். அன்று இரயிலும் இல்லை, தீப்பெட்டித் தொழிலும் இல்லை. கம்பும் சோளமும் பருத்தியும் மானாவாரியும்தான்.

ராக்லண்டு வகுத்த திட்டம் புதுமையானது. ஓரூரில் பங்களா கட்டிக்கொண்டு அமர்ந்துவிடக் கூடாது. மணமாகாத சிலர் கூடாரங்களுடன் ஊர் ஊராகச் சுற்றிவர வேண்டும் என்றார் அவர். 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளுடன் அதைத் தொடங்கினார். சித்திரை வெயிலில் இந்தக் கந்தக பூமியில் ஒரு துணிக் கூடாரத்துக்குள் பகல் பொழுதைக் கழிப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் நுரையீரல் நலிந்த ஒருவருக்கு!

மொழி இன்னொரு தடை. கேம்பிரிட்ஜ்க் கணிதம் வசப்பட்ட அளவுக்கு நாட்டுப்புறத் தமிழ் அவ்வளவு எளிதாக ஒரு வெள்ளையருக்கு வசப்படுமா? மேலும் இங்கே ரெட்டியார், நாயக்கர், ராஜுக்கள் வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள்.

இந்தத் தடைக்கு அவர் கண்ட விடைதான் அவர் வாழ்வில் நான் மிகவும் வியப்பது. தெற்கத்திச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் மாதம் ஓரணியாக முறைவைத்து வடக்கே வந்து இக்கூடாரங்களில் தங்கி ஊழியம் செய்தார்கள். அவர்களுடைய செலவைத் தெற்கத்திச் சபையார் தாங்களே ஏற்றனர். பனையேறியும் பதநீர் காய்ச்சியும் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள் அவை. அதுவரை பிறர் அனுப்பியவர்களிடம் கேட்டவர்கள், தாங்களே ஆள் அனுப்புகிறவர்களானார்கள். 1903இல் நெல்லைத் தமிழர்களே இந்திய மிஷனெரி சங்கம் ஒன்றைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியதற்கு இதுவும் ஒரு முன்னோடி என்பது என் கருத்து.

அவர் மதமாற்றும் நோக்கத்தோடுதான் வந்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆண்டாள் பிறந்த ஊருக்கு இவர் வந்துதான் பக்தியைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. ஆட்சியும் அன்று அவர் இனத்தாரிடம் இருந்தது. ஆனால் அதிகாரத்தின் நிழலில் சொகுசாக அமர்ந்தவர் அல்லர் என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். எண்ணிக்கையில் பார்த்தால் அவர் கண்ட பலன் மிகக் குறைவு. ஊர் ஊராகக் கேட்டுவிட்டுக் கலைந்து போனவர்களே அதிகம். நான்காண்டுகள் அலைந்தும் அவர் அந்த முறையைக் கைவிடவில்லை.

22-10-1858 அன்று சிவகாசியில் இருமலோடு இரத்தம் வந்தது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 43. மனைவி மக்கள் இல்லை. அவ்வூரிலேயே அடக்கம் செய்தார்கள். ஃபென்னும் மெடோஸும் கூடாரப் பணியைத் தொடர்ந்தார்கள். 1922இல் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்.